எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் பிரசவம்: சுகப்பிரசவமா, சிசேரியனா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏழாம் மாதப் பரிசோதனைக்கு வந்திருந்த ஒரு பெண், நான் வயிற்றைத் தொட்டுப் பார்க்குமுன்பே, தன் வயிற்றில் இருந்த ஐந்து தழும்புகளையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். வயிறு பெருத்ததால் சற்றே அகன்று வெளிறியிருந்தன. இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். “இத்தனை இடத்தில் கத்தி பட்ட வயிறு டாக்டர், எனக்கு சிசேரியன்தானே?” என்று கேட்டார். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்லி முடித்துவிட்டார்களாம். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களிடமும் சற்று விரிவாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைகளில் இன்று அதிகம் செய்யப்படுபவை இரண்டு. ‘ஸ்லீவ்’ எனப்படும் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீக்கப்பட்டு, மிச்சம் ஒரு குழாய்போல விடப்படுகிறது. ‘பைபாஸ்’ முறையில் இரைப்பையின் மேற்பகுதியிலிருந்து சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு சிறு பை பிரிக்கப்பட்டு, அது நேராகச் சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. இரண்டுமே மேல்வயிற்றில் நடப்பவை. இடுப்புக்கூட்டுக்குள் இருக்கும் கருப்பையை எந்தக் கருவியும் தொடுவதில்லை. பிரசவ வலியின்போது விரிசல் விடுமோ என்று நாங்கள் அஞ்சுகிற தழும்பு கருப்பையின் சுவரில் இருப்பது, அதாவது முந்தைய சிசேரியன் விட்டுச்சென்றது. வயிற்றுத் தோலில் உள்ள தழும்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அதனால்தான், இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டார் என்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2009ஆம் ஆண்டிலேயே தன் வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அப்படியென்றால் பிரசவ முறையை எது முடிவு செய்கிறது? மற்றப் பெண்களுக்கு எது முடிவு செய்கிறதோ அதேதான்: குழந்தையின் தலை கீழே இருக்கிறதா, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைக்காமல் இருக்கிறதா, தாயின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது, வலி தொடங்கியபின் குழந்தையின் இதயத்துடிப்பு சீராக இருக்கிறதா. ஆனாலும் இந்தத் தாய்மார்களிடம் சில விஷயங்களுக்குக் கூடுதல் கனம் உண்டு. அவற்றில் முதலாவது குழந்தையின் வளர்ச்சி.

ஸ்வீடனில் இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் உண்டான 670 கர்ப்பங்களை, அறுவை சிகிச்சைக்கு முன்பு இவர்களுக்கு இருந்த அதே அளவு எடையோடு, அறுவை சிகிச்சை செய்துகொள்ளாமல் இருந்த பெண்களின் கர்ப்பங்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. கர்ப்ப வாரக் கணக்குக்கு மீறிப் பெருத்த குழந்தைகள், ஒப்பிடப்பட்டவர்களிடம் 22.4 சதவீதமாக இருக்க, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் 8.6 சதவீதமாகக் குறைந்திருந்தன. கர்ப்பகால நீரிழிவும் வெகுவாகக் குறைந்திருந்தது. பெரிய குழந்தையின் தோள் பிறப்புப் பாதையில் சிக்கிக்கொள்ளும் ஆபத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது புரியும். ஆனால் அதே ஆய்வில், வளர்ச்சி குன்றிய சிறு குழந்தைகள் 7.6 சதவீதத்திலிருந்து 15.6 சதவீதமாக, இரண்டு மடங்காகியிருந்தன. ஆகவே கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் வளர்ச்சியை அடுத்தடுத்த ஸ்கேன்களில் அளந்து பார்ப்பது அவசியம். வளர்ச்சி பின்தங்கி, தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் பரிசோதனையிலும் குறை தென்பட்டால், வலி தானாக வரும்வரை காத்திருக்க முடியாது. மருந்து கொடுத்து வலியைத் தூண்டுவதா, சிசேரியன் செய்வதா என்பதை அந்தக் குழந்தை வலியைத் தாங்குமா என்ற கணக்கே தீர்மானிக்கும். குழந்தை சிறிதாக இருப்பதாலேயே சிசேரியன் என்பதும் சரியல்ல.

முதல் குழந்தையைச் சிசேரியனில் பெற்று, அதன்பிறகு எடையைக் குறைத்துக்கொண்டு, இரண்டாவது குழந்தைக்குத் தயாராகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். உடல் எடை மிக அதிகமாக இருக்கும்போது சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம் கைகூடும் வாய்ப்பு குறைகிறது; எடை குறைந்திருப்பது இவர்களுக்குச் சாதகமான செய்தி. முந்தைய வெட்டு கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகப் போடப்பட்டதா, அன்று ஏன் சிசேரியன் தேவைப்பட்டது என்ற விவரங்கள் உள்ள பழைய அறிக்கையை எப்படியாவது தேடி எடுத்து வாருங்கள். இந்த ஒரு தாள் இல்லாமல் நாங்கள் தரும் ஆலோசனை அரைகுறையாகத்தான் இருக்கும்.

எந்த வழியில் குழந்தை பிறந்தாலும் ரத்தம் போகும். அதைத் தாங்கும் உடல் வேண்டும். பைபாஸ் செய்துகொண்டவர்களின் உணவு, இரும்புச்சத்து அதிகம் உறிஞ்சப்படும் சிறுகுடலின் முற்பகுதியைத் தொடாமலே கடந்துவிடுவதால், மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாத பெண்களை அடிக்கடி பார்க்கிறோம். ஒன்பதாம் மாதத்தில் இதைக் கண்டுபிடித்துப் பதறுவதைவிட, ஒவ்வொரு மூன்று மாதப் பருவத்திலும் இரும்புச்சத்து, வைட்டமின் பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றைப் பரிசோதித்து, தேவையென்றால் இரும்புச்சத்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றிவிடுவது மேல். சர்க்கரைப் பரிசோதனைக்கென்று குளுக்கோஸ் நீரை மடமடவென்று குடிக்க வைப்பதும் இவர்களுக்கு ஆகாது: பைபாஸ் செய்தவர்களுக்குப் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வந்துவிடும். ஒரு வாரம் வீட்டிலேயே விரல் நுனியில் குத்திச் சர்க்கரை அளவைக் குறித்து வரச் சொல்வதே வழக்கம். பிரசவ வலியின்போதும் இனிப்புப் பானங்களைத் தவிர்த்து, தண்ணீரைச் சிறு மடக்குகளாகக் குடிப்பது நல்லது.

சிசேரியன் தேவைப்பட்டால் அது தோல்வியல்ல. அதற்கும் முன்னேற்பாடு உண்டு. எடை வேகமாகக் குறைந்தவர்களுக்கு அடிவயிற்றில் தோல் மடிந்து தொங்கும். அந்த மடிப்புக்குள் வெட்டுக் காயம் அமைந்தால் ஈரம் தங்கிச் சீழ் பிடிக்க வாய்ப்பு அதிகம் என்பதால், வெட்டும் இடத்தையும் கட்டும் விதத்தையும் முன்பே யோசித்துவைக்க வேண்டும். எடை இன்னும் கூடுதலாக இருப்பவர்களுக்குக் காலில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசியும் தேவைப்படலாம். மயக்க மருந்து நிபுணரை எட்டாம் மாதத்திலேயே ஒருமுறை சந்தித்துவிடுங்கள். ஸ்லீவ் செய்தவர்கள் பலருக்கு உணவு எதுக்களிக்கும் தொல்லை இருக்கும்; அவசரமாக முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தால் அந்த விவரம் அவருக்கு மிக முக்கியம்.

இப்போது நான் சொல்லப்போவதை பைபாஸ் செய்துகொண்டவர்கள் தயவுசெய்து கவனித்துக் கேளுங்கள். வளரும் கருப்பை குடலை மேலே தள்ளும்போது, அறுவை சிகிச்சையில் உண்டான இடைவெளி ஒன்றின் வழியாகக் குடல் நழுவிச் சிக்கிக்கொள்ளலாம். பிரசவ வலி முதுகிலோ அடிவயிற்றிலோ விட்டு விட்டு வரும். வரும்போது வயிறு கல்லாக இறுகும், போனதும் தளரும். குடல் சிக்கிய வலி பெரும்பாலும் தொப்புளுக்கு மேலே இருக்கும், சாப்பிட்டபின் கூடும், வாந்தியோடு வரும், நின்று போகாது. இதைச் சூட்டு வலி, பொய் வலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. மகப்பேறு மருத்துவரோடு அறுவை சிகிச்சை நிபுணரும் இருக்கும் மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பித் திருப்பி அனுப்புவதும் ஆபத்து. கர்ப்பிணி என்பதற்காகத் தேவையான சிடி ஸ்கேனைத் தள்ளிப்போடவும் கூடாது. பிரசவத்துக்கு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது, சுகப்பிரசவமா சிசேரியனா என்ற கேள்விக்கும் முன்னதாக, அங்கே இப்படிப்பட்ட நிபுணர் இரவிலும் கிடைப்பாரா என்பதையே நான் கேட்கச் சொல்வேன்.

குழந்தை பிறந்தபின் வார்டில் வலிக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள், பைபாஸ் இணைப்பில் புண்ணை உண்டாக்கக்கூடியவை. பாரசிட்டமால் போன்ற மாற்று மருந்து கேளுங்கள். தாய்க்கு பி12 குறைந்தால் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கும் அது குறையும். ஆகவே சத்து மாத்திரைகளையும் ஊசிகளையும் பிரசவத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

தொடக்கத்தில் சொன்ன அந்தப் பெண், என்ன அறுவை சிகிச்சை, எந்த மாதம் நடந்தது, எந்த மாத்திரை ஆகாது என்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதி, கர்ப்பகாலக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார். நள்ளிரவில் வலியோடு வந்தபோது, அவரை முன்பின் பார்த்திராத செவிலியர் அந்தத் தாளைப் படித்துவிட்டுத்தான் முதல் ஊசியைக் கையில் எடுத்தார். விடியும் நேரத்தில், சுகப்பிரசவத்தில், ஒரு பெண் குழந்தை பிறந்தது.

நன்றி, வணக்கம்.