"எனக்கு வராதுண்ணா"

வணக்கம் மக்களே. ஆந்திராவில் இருக்கிற நகரியிலிருந்து பேசுகிறேன். கீழே தறி ஓடுகிறது, சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சித்தி பொண்ணு திருப்பதியில் டிகிரி இரண்டாம் வருஷம். தினமும் ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறுகிறாள். வீட்டில் தமிழ், வகுப்பில் தெலுங்கும் இங்கிலீஷும். முதல் இடம் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை. ஆனால் செமினார் என்றால் பேரே கொடுக்க மாட்டாள். "எனக்கு வராதுண்ணா." ஆசை இருக்கிற இடத்தில் முயற்சி ஏன் நின்றுபோகிறது?

சாதனை ஊக்கத்தை, அதாவது சாதிக்க வேண்டும் என்கிற உந்துதலை, ஆராய்ந்தவர் டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர். 1960களில் நம்ம ஆந்திராவுக்கே வந்து, காக்கிநாடா வணிகர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தவர். நட்டுவைத்த குச்சியில் விழுகிற மாதிரி வளையம் எறிகிற விளையாட்டை வைத்து அவர் ஒன்று சொல்வார். சாதிக்கும் துடிப்புள்ளவர்கள் நடுத்தர தூரத்தில் நின்று எறிவார்கள். பக்கத்தில் நின்றால் யார் எறிந்தாலும் விழும்; ரொம்பத் தள்ளி நின்றால் அதிர்ஷ்டம்தான். தோல்விக்குப் பயப்படுகிறவர்கள் இந்த இரண்டு ஓரத்துக்கும் போவார்கள். தூரத்திலிருந்து தவறினால் யாரும் குறை சொல்ல மாட்டார்களே!

நடுவில் நிற்க வேண்டுமானால் நம் கை எவ்வளவு தூரம் எறியும் என்று நமக்குத் தெரிய வேண்டும். தன்னம்பிக்கையின் வேலை அங்கேதான் என்று நான் நினைக்கிறேன். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதியதும் இதை ஒட்டித்தான்: 'இந்த வேலையை என்னால் செய்ய முடியும்' என்கிற நம்பிக்கை வேலைக்கு வேலை மாறும். அது வலுவாக வருவது, தானே ஒரு தடவை செய்து முடிப்பதிலிருந்து. நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தாலும் வரும். "உன்னால முடியும்மா" என்று நாம் சொல்வதற்கு அவ்வளவு பலம் கிடையாது.

இதே பொண்ணு தறியில் இழை அறுந்தால், பேசிக்கொண்டே இரண்டு விரலால் முடிச்சுப் போட்டு ஓட விடுவாள். முதல் வாரம் அழுதாள், நான் பார்த்திருக்கிறேன். அதை ஞாபகப்படுத்தி, "செமினாரை விடு, வகுப்பில் ஒரே ஒரு கேள்வி கேள்" என்றேன். கேட்டாள். அப்புறம் இரண்டு நிமிடம் ஒரு பதில் சொன்னாள். அன்றைக்கு ரயிலிலிருந்தே போன் பண்ணினாள், குரலே வேறு மாதிரி இருந்தது.

போன வாரம் செமினாருக்குப் பேர் கொடுத்துவிட்டாள். பத்து நிமிடம். இதே கேமரா முன்னால் பேசிப் பார்க்க மாடிப்படி ஏறி வருகிறாள். சரி, நான் எழுந்துகொள்கிறேன்.