காசு போட்டு செஞ்ச கத்தி: புழங்கறதா, பெட்டியில வைக்கிறதா?

அடுத்த கேள்வி ஏற்காட்டுலருந்து வந்திருக்குதுங்க. படிச்சிடறேன். "52100 ஸ்டீல்ல எட்டு இன்ச் சமையல் கத்தி ஒண்ணு ஆர்டர் குடுத்து செஞ்சு வாங்கினேன். ரோஸ்வுட் பிடி, 18,000 ரூபா ஆச்சு. கூடவே பரிசா ஒரு டமாஸ்கஸ் வேட்டைக்கத்தியும் வந்தது. ரெண்டையும் எடுத்துப் புழங்கவே மனசு வரல. புழங்கலாமா, அப்படியே வைக்கலாமா? சும்மா வச்சாலும் துரு பிடிக்குமா?"

நேரா சொல்லிடறேன். சமையல் கத்தியைப் புழங்குங்க. டமாஸ்கஸை வைக்கிறதுன்னா முழுசா வைங்க. ரெண்டுங்கெட்டானா பண்றதுலதான் கத்தி கெடுது. யாராச்சும் வீட்டுக்கு வந்தா எடுத்துக் காட்டறது, ஒரு தக்காளியை நறுக்கறது, துணியில ஒரு இழுப்பு இழுத்துட்டு லெதர் உறையில சொருகிடறது. அந்தச் சாறு பிடியும் அலகும் சேர்ற சந்துல நிக்கும். லெதர் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், பதனிடறப்போ போட்ட சரக்கும் அதுக்குள்ள இருக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், மழை மாசத்துல மேகமே ஜன்னல் வழியா உள்ள வரும். கொஞ்ச நாள் கழிச்சு உருவிப் பாத்தீங்கன்னா புள்ளி புள்ளியா குழி விழுந்திருக்கும். மேல்துரு தேச்சா போயிடும். குழி அப்படிப் போகாது, அந்த ஆழத்துக்குச் சுத்தி இருக்கற இரும்பையெல்லாம் தேச்சு இறக்கணும். ஆக, சும்மா வச்சாலும் துரு பிடிக்கும்ங்க.

52100ங்கறது பேரிங் செய்யற ஸ்டீல். கார்பன் சுமார் 1 சதவீதம், குரோமியம் 1.5 சதவீதம். அந்தக் குரோமியம் துருவைத் தடுக்கப் பத்தாது, குறைஞ்சது பத்தரை சதவீதமாவது வேணும். "நம்ம சேலம் ஸ்டீல் பாத்திரம் துரு பிடிக்கறதில்லையே, அதுலயே கத்தி பண்ணக் கூடாதா?"ன்னு கேக்கறவங்க இருக்காங்க. பாத்திரத்துக்குப் போடற 304 தகடுல 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். துரு ஏறாது, சரி. ஆனா காய்ச்சித் தோய்ச்சாலும் அது கெட்டிப்படாது, கூர் நிக்காது. நீங்க 18,000 குடுத்தது முக்கியமா அந்தக் கெட்டித்தன்மைக்கும், வாய் எவ்வளவு மெல்லிசா இறங்கியிருக்குங்கறதுக்கும்தான். ரெண்டும் வெங்காயத்துல வச்சு இழுத்தாத்தான் தெரியும், கண்ணாடிக்குப் பின்னாடி தெரியாது.

முதல் நாள், மேல பூசியிருக்கற எண்ணெயை வெந்நீர், சோப்புப் போட்டுக் கழுவுங்க. ஆரம்பத்துல வெங்காயம், உருளைக்கிழங்கு, எலும்பில்லாத கறி, இதுகள்ல புழங்குங்க. சாம்பலும் நீலமுமா ஒரு நிறம் ஏறும். அது கறை இல்லைங்க, அதுதான் கத்திக்குக் காப்பு. விரல்ல தேச்சா ஒட்டாது. செம்பழுப்பா விரல்ல பொடி வந்தா அதுதான் துரு. அந்தப் படலம் ஏறறதுக்கு முன்னாடி மாங்கா, எலுமிச்சை, புளின்னு போனீங்கன்னா கத்தி கறுத்து, நறுக்கின பண்டத்துலயும் இரும்பு வாடை அடிக்கும். சீக்கிரமா ஏத்தணும்னா ஒரு வழி இருக்கு, அதுவும் காபி ஊருக்குத் தோதான வழி. இன்ஸ்டன்ட் காபித்தூளைக் கெட்டியா கரைச்சு, ஆற வச்சு, அலகை மட்டும் சில மணி நேரம் அதுல நிக்க வைங்க. முன்னாடியே எண்ணெய்ப் பிசுக்கு சுத்தமா போயிருக்கணும், இல்லன்னா திட்டுத் திட்டா ஏறும். பிடி நனையக் கூடாது.

கெட்டியான கத்தியில மழுங்கறதை விட வாய் பொரியறதுதான், அதாவது சில்லு சில்லா தெறிக்கறதுதான், பெரிய பிரச்சனை. தேங்கா உடைக்கறது, எலும்பு, ஐஸ் கட்டின கறி, ஊறுகாய்க்கு மாங்காயைக் கொட்டையோட பொளக்கறது, இதுக்கெல்லாம் அரிவாளை எடுங்க. பூசணிக்காய்க்கு எடுக்கலாம், ஆனா பாதியில சிக்கினா பக்கவாட்டுல திருகிப் பிளக்காதீங்க. அந்தத் திருகல்லதான் நிலாப்பிறை மாதிரி ஒரு துண்டு தெறிச்சுப் போகும். நேரா பின்னாடி உருவிட்டு மறுபடி இறக்குங்க. பலாப்பழம்னா அலகுல தேங்காயெண்ணெய் தடவிட்டு இறங்குங்க, பால் ஒட்டாது. பலகை மரமா இருக்கட்டும், இல்ல பிளாஸ்டிக். மேடையில இருக்கற கிரானைட் மேலயே நறுக்கறது, கண்ணாடிப் பலகை, ரெண்டும் வேண்டாம்.

நறுக்கி முடிச்ச கையோட கழுவுங்க, சிங்க்ல போட்டு வைக்காதீங்க. கம்பி நார் ஆகாது. துணியில தொடச்சதுக்கு அப்புறமும் பிடி ஓரத்துல ஈரம் இருக்கும், அதனால பத்து நிமிஷம் காத்துல விட்டுட்டு எடுத்து வைங்க. வாரக்கணக்குல எடுக்க மாட்டீங்கன்னா மருந்துக்கடையில லிக்விட் பாராஃபின் கேட்டு வாங்கி ரெண்டு சொட்டு தடவுங்க. நல்லெண்ணெய், கடலெண்ணெய் நாள்பட்டா பிசின் மாதிரி ஒட்டும்.

இதுல ஒண்ணை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன். தெருவுல வர்ற சாணைச் சக்கரத்துல இந்தக் கத்தியைக் குடுக்காதீங்க. அவங்க வேலையைக் குறை சொல்லலைங்க, அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அது போதும். காய்ச்சித் தோய்ச்ச அப்புறம் கத்தி உடையாம இருக்க மறுபடி மிதமா சூடாக்கறதுதான் பதம் வைக்கிறது, இந்த ஸ்டீலுக்கு அது பெரும்பாலும் 200 டிகிரி பக்கம். காஞ்ச சக்கரத்துல மெல்லிசு வாய் ஒரு நொடியில அதைத் தாண்டிடும். வாய் ஓரம் நீலம் ஓடிச்சுன்னா 300 டிகிரி கிட்ட போயிருச்சுன்னு அர்த்தம், அந்த இடத்துல பதம் போச்சு. தண்ணி விட்டுத் தீட்டற கல்லு, 1000 கிரிட் ஒண்ணு, அதை விட நைசான 3000 கிரிட் ஒண்ணு வாங்கிக்கோங்க. பக்கத்துக்கு 15 டிகிரி. அலகு 45 மில்லிமீட்டர் அகலம்னா, முதுகைக் கல்லுலருந்து 12 மில்லிமீட்டர் தூக்கினா அந்தக் கோணம் வந்துரும். வாயில மார்க்கர் பேனாவால கோடு போட்டுட்டு ஒரு தேய்ப்பு தேச்சுப் பாருங்க. மேல்பக்கம் மட்டும் மை அழிஞ்சா இன்னும் தூக்கணும், வாய் ஓரத்துல மட்டும் அழிஞ்சா இறக்கணும். எதிர்ப்பக்கம் நெடுக பிசிறு கையில தட்டுப்படற வரைக்கும் தேச்சுட்டு அப்புறம் பக்கத்தை மாத்துங்க. பாதியில மாத்தறதாலதான் "எவ்வளவு தேச்சாலும் கூர் வரல"ங்கறாங்க. கடைசியா லெதர்ல பின்னாடி இழுத்துப் பிசிறை எடுங்க. கோடு போட்ட ஸ்டீல் ராடு வேண்டாம், இவ்வளவு கெட்டியான வாயை அது பொரிச்சிடும்.

"இவ்வளவு காசு குடுத்ததைத் தேய்க்கிறதா?"ன்னு தோணும். அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டின்னு கத்தி அடிக்கற கொல்லர்களோட சங்கம் இருக்கு, அதுல ஒரு கொல்லருக்குத் தேர்வு எப்படின்னா, அவர் செஞ்ச கத்தியால தொங்கவிட்ட ஒரு இன்ச் கயித்தை ஒரே வீச்சுல அறுக்கணும், கட்டையை வெட்டித் துண்டாக்கணும், அதுக்கப்புறமும் அதே வாயில முடி சிரைக்கணும். கடைசியா வைஸ்ல பிடிச்சு 90 டிகிரி வளைக்கணும், உடையக் கூடாது. அவங்களே இப்படித்தான் கத்தியை மதிப்பிடறாங்க.

வைக்கிறதுக்கும் நியாயமான காரணம் உண்டு. செஞ்சவர் இறந்துட்டார், இனி அவர் கையால ஒண்ணு வராது. 2010ல இறந்த அமெரிக்கக் கத்தி செய்யறவர் பாப் லவ்லெஸோட கத்திகளைப் புழங்காம வச்சிருக்கறவங்க அதனாலதான் வச்சிருக்காங்க. சேகரிக்கறவங்க கிட்ட விக்கணும்னா ஒரு தடவை தீட்டினாலே விலை இறங்கிடும், அதனால முதல் நறுக்குக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. செஞ்சவர் இன்னும் பட்டறையில இருக்கார், கேட்டா இன்னொண்ணு செஞ்சு தருவாருன்னா, பூட்டி வைக்க எனக்குக் காரணம் தெரியலைங்க.

டமாஸ்கஸ்ல தெரியற கோலம் ரெண்டு வகை ஸ்டீலை அடுக்கி அடிச்சு, அமிலத்துல முக்கி எடுத்தது. ஒண்ணு கறுக்கும், நிக்கல் இருக்கறது வெள்ளையா நிக்கும். அதுக்குப் பிராஸோ போட்டுத் தேய்க்காதீங்க, கோலம் மங்கிடும். மங்கினா செஞ்சவர் கிட்டயே குடுத்து ஃபெர்ரிக் குளோரைடுல மறுபடி முக்கி வாங்கலாம். உறையைத் தனியா வைங்க, கத்தியைத் தனியா வைங்க. லிக்விட் பாராஃபின் தடவி, பட்டர் பேப்பர்ல சுத்தி, மூடற டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு மூணு சேத்துப் போடுங்க. வெறும் கைவிரல் பட்டா அந்த வேர்வை உப்பு போதும், மறுநாள் ரேகை அப்படியே துருவா நிக்கும். பாத்துட்டு வைக்கறப்போ எல்லாம் தொடச்சு எண்ணெய் போடுங்க. ஜூன்லருந்து டிசம்பர் வரைக்கும் மாசம் ஒருக்கா எடுத்துப் பாருங்க, மத்த மாசத்துல மூணு மாசத்துக்கு ஒருக்கா போதும். பிடியில பித்தளை ஆணி இருந்து, அதைச் சுத்திப் பச்சையா களிம்பு பூத்தா டப்பாவுக்குள்ள இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம், ஜெல்லை மாத்துங்க.

சரிங்க, அடுத்தது ஓமலூர்லருந்து, அரிவாள்மனையோட வாய் ஆடுது, எப்படி இறுக்கறதுன்னு கேட்டிருக்காங்க.