அளவையும் மண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்

பெரியோர்களே, தாய்மார்களே, மேலூர், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கமிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உழவர் பெருமக்களே, வணக்கம்.

ஓர் உழவருக்குத் தெரிந்தது இன்னோர் உழவருக்குப் போய்ச் சேருவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் தஞ்சாவூர்ப் பக்கம் பரவியபோது மக்கள் அதை ரேடியோ நெல் என்றே சொன்னார்கள். திருச்சி வானொலியைக் கேட்டு விதைத்த நெல் அது. 2001-ல் நம் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களுக்கே இணைய மையங்கள் வந்தன, சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கம்பியில்லாத் தொடர்பில் அவை ஓடின. நோய் கண்ட செடியைப் படமெடுத்து வேளாண்மைக் கல்லூரிக்கு அனுப்பி யோசனை கேட்டார்கள். சில ஆண்டுகளில் பல மையங்கள் மூடிப்போயின. இன்று போனில் அரசின் உழவன் செயலி இருக்கிறது, 1800 180 1551 என்று அடித்தால் கிசான் கால் சென்டர் தமிழில் பேசுகிறது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் இவற்றில் பெரும்பாலும் நாம் கேட்பவர்கள், அவர்கள் சொல்பவர்கள். நம் பக்கத்து ஊர்க்காரருக்குத் தெரிந்தது நமக்கு எப்படி வந்து சேரும்?

வாட்ஸ்அப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் என்ன வருகிறது? "உப்புத் தண்ணீரில் விதைநெல்லைப் போடு, மிதப்பதைத் தள்ளு." ஒரே வரி. இதைச் சரியாகச் செய்கிற ஒரு பாட்டியிடம் போய் உட்கார்ந்து பாருங்கள். வாளித் தண்ணீரில் முதலில் ஒரு நல்ல கோழிமுட்டையைப் போடுவார். அது அடியில் கிடக்கும். கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருப்பார். முட்டை மேலே வந்து, அதன் உச்சி பழைய நாலணாக் காசு அளவுக்கு வெளியே தெரிந்ததும் கையை நிறுத்துவார். அப்புறம்தான் நெல்லைக் கொட்டுவார். பதரான சாவியும் அரைமணியும் மிதக்கும். திரண்ட மணி அடியில் நிற்கும். மிதப்பதை அரித்தெடுத்த கையோடு, நின்ற விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுவார். அலசாவிட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும். அந்த ஒரு வரிச் செய்தியில் முட்டையும் இல்லை, அலசலும் இல்லை. அதை நம்பிச் செய்தவர் நாற்றங்காலைப் பார்த்துவிட்டு யாரைக் கேட்பார்?

பூச்சிக்கு அடிக்கிற வேப்பங்கொட்டைக் கரைசலும் அப்படித்தான். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பம்பருப்பு, இரவு முழுக்க ஊறல், இலையில் ஒட்டக் கொஞ்சம் காதி சோப்பு, அடிப்பது சாயங்காலம்; வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும். இதில் சாயங்காலத்தை விட்டுவிட்டால் மீதி எல்லாம் வீண். பேரையூர்க் கரிசல் மானாவாரிக்குச் சொன்னதை மேலூர்ச் செம்மண்ணில் வாய்க்கால் தண்ணீர் பாய்கிற வயலில் செய்தால் என்ன ஆகும்? அதனால்தான் சொல்கிறேன், மண்ணையும் விதைக்கிற பட்டத்தையும் சேர்க்காமல் எதையும் அனுப்பாதீர்கள்.

சொன்னவர் பெயரையும் விடாதீர்கள். உழவர்களின் அறிவைத் திரட்டிப் பகிர்வதற்குப் பேராசிரியர் அனில் குப்தா தொடங்கிய ஹனி பீ நெட்வொர்க், ஓர் உழவர் சொன்னதை வெளியிட்டால் அவர் பெயரும் ஊரும் வர வேண்டும், அவர் மொழியிலேயே அது அவருக்குத் திரும்பவும் வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. நம் மதுரை சேவா அமைப்பு அந்த வழியில் தமிழில் இதழே நடத்தியது. பெயர் இருந்தால் சந்தேகம் வரும்போது கேட்க ஆள் இருக்கும். எனக்கு இது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட.

இன்னொன்று மனதை அறுக்கிறது. மல்லிகைக் காட்டில் மொட்டுப்புழுவை முதலில் பார்ப்பது யார்? விடியுமுன் பூப்பறிக்கப் போகிற பெண்கள். நெல்லில் எந்தக் களை புதிதாக வந்திருக்கிறது என்று அறிந்தவர்கள் யார்? கூலிக்குக் களையெடுக்கிறவர்கள். உழவர் வாட்ஸ்அப் குரூப்பில் அவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? காணி உள்ளவர்களை மட்டும் உழவர் என்று சேர்த்துக்கொண்டு, காட்டைக் கண்ணால் பார்க்கிறவர்களை வெளியே நிறுத்தியிருக்கிறோம். ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை போடுகிறவர்களும் வெளியேதான். எந்த ஊரில் அறுப்பு முடிந்தது, எங்கே புல் இருக்கிறது என்று அவர்கள் தங்களுக்குள் செல்போனில் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். அவர்களையும் சேர்த்தால் வயலுக்கு உரம் தேடி அலைய வேண்டாம்.

இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வாரம் உங்கள் ஊரில் ஒரு மூத்தவரிடம், முடிந்தால் நிலமில்லாத ஒரு பெண்ணிடம், போனை நீட்டுங்கள். எழுதச் சொல்லாதீர்கள், பேசவிடுங்கள். நம் பேச்சில்தான் அளவும் பக்குவமும் வரும். பெயர், ஊர், மண், தண்ணீர், பட்டம் இவற்றை முதலில் சொல்லவையுங்கள். அனுப்புமுன் அவரிடமே போட்டுக் காட்டி, குரூப்பில் போடலாமா என்று கேளுங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அவரே சொல்லித் திருத்துவார்.