கணவன் ஊரில் இல்லாதபோது: ஆஸ்திரேலியாவின் கைதிப் பெண்களும் முதல் குடியேறிகளும்

[திரையில்: 20 டாலர் நோட்டு, நெருக்கமான காட்சி]

வணக்கம். ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் கண்ணாடி போட்ட ஒரு மூதாட்டி இருக்கிறார். பெயர் மேரி ரீபி. பதின்மூன்று வயதில், ஆண்பிள்ளை வேடத்தில், குதிரை திருடியதாகப் பிடிபட்டவர். ஏழு ஆண்டு தீவாந்திர தண்டனை பெற்று, 1792-ல் சிட்னிக்குக் கப்பலேற்றப்பட்டார். 1828-ல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர்களிடம் அவர் என்ன பதிந்தார் தெரியுமா? "1821-ல் சுதந்திரமாக வந்தவள்." பொய் என்று சொல்லிவிட முடியாது. இடையில் இங்கிலாந்துக்குப் போய், 1821-ல் சொந்தக் காசில் திரும்பி வந்திருந்தார். முதல் பயணத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

கையில் காசு இருந்ததால் அவரால் தன் கதையைத் தானே எழுதிக்கொள்ள முடிந்தது. மற்றவர்களின் கதையை அதிகாரிகள்தான் எழுதினார்கள்.

[திரையில்: வரைபடம், போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து சிட்னி வரை]

பின்னணி சுருக்கமாக. பிரிட்டன் தன் கைதிகளை முன்பு அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பியது. அமெரிக்கர்கள் விடுதலைப் போரில் இறங்கியதும் அந்த வழி மூடிக்கொண்டது. 1787 மே மாதம் பதினொரு கப்பல்கள் போர்ட்ஸ்மத்தை விட்டுக் கிளம்பி, அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலியக் கரையை அடைந்தன. ஆண் கைதிகள் முதலில் இறங்கிக் காட்டை வெட்டிக் கூடாரம் போட்டார்கள். பெண்களில் பெரும்பாலோர் 1788 பிப்ரவரி 6 அன்றுதான் கரையில் கால் வைத்தார்கள். 1868 வரை மொத்தம் ஏறத்தாழ 1,62,000 கைதிகள் வந்தார்கள். அவர்களில் பெண்கள் சுமார் 25,000 பேர்.

கொலைகாரிகள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலோர் வீட்டு வேலைக்காரிகள். எசமானி வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ துணி, கரண்டி, சில்லறைக் காசு எடுத்தவர்கள். லண்டனைச் சேர்ந்த எஸ்தர் ஆபிரகாம்ஸ் என்ற யூதப் பெண் கறுப்புப் பட்டு லேஸ் திருடியதற்காக ஏழு ஆண்டு தண்டனை பெற்றார். சிறையில் பிறந்த பெண் குழந்தையைக் கையில் ஏந்தியபடி முதல் கப்பல் கூட்டத்திலேயே வந்து சேர்ந்தார். இவரைப் பிறகு பார்ப்போம்.

வந்த பெண்களைக் குடியேறிகளின் வீடுகளுக்கு வேலைக்கு ஒதுக்கினார்கள். எந்த வீடு என்பதில் அவளுக்கு எந்தப் பேச்சும் கிடையாது. வேலை கிடைக்காதவர்களும், எசமானர் திருப்பி அனுப்பியவர்களும், கர்ப்பிணிகளும் போய்ச் சேர்ந்த இடம், சிட்னிக்கு அருகே பரமட்டா ஊரிலிருந்த பெண்கள் தொழிற்கூடம். 1821-ல் திறக்கப்பட்ட அதன் கட்டடத்தை வரைந்த பிரான்சிஸ் கிரீன்வேயும் ஒரு கைதிதான். அங்கே கம்பளி நூல் நூற்றார்கள், முரட்டுத் துணி நெய்தார்கள். பெண்களை மூன்று வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். மூன்றாம் வகுப்புக்குப் போனால் தலைமுடியைக் கத்தரித்துவிடுவார்கள். பெண்கள் மிக வெறுத்த தண்டனை இதுதான்.

[திரையில்: பரமட்டா தொழிற்கூடத்தின் பழைய ஓவியம்]

வெளியே வர எளிய வழி, திருமணம். மனைவி வேண்டும் ஆண்கள் அனுமதி பெற்று வருவார்கள், பெண்களை வரிசையில் நிறுத்துவார்கள். ஒரு பார்வை, இரண்டு வார்த்தை, முடிந்தது. பெண்ணும் மறுக்கலாம் என்பது உண்மை. ஆனால் மறுத்தால் மறுபடி அந்த நூற்புக் கூடம்தானே?

இன்னொரு வழியையும் ஒருமுறை முயன்று பார்த்தார்கள். 1827 அக்டோபரில் ரொட்டியைக் குறைத்தபோது, கதவை உடைத்துக்கொண்டு ஊருக்குள் இறங்கினார்கள். ரொட்டிக் கடைகளிலும் இறைச்சிக் கடைகளிலும் கையில் கிடைத்ததை அள்ளினார்கள். ராணுவம் வந்து மடக்கிக் கூட்டிப்போகும்போது அவர்களுடைய முந்தானை நிறைய ரொட்டி இருந்தது.

திருமணத்துக்கு வருவோம். சாமுவேல் மார்ஸ்டன் என்ற பாதிரியார் 1806-ல் காலனியின் பெண்களைப் பட்டியலிட்டார். அவருக்குத் தெரிந்த வகைகள் இரண்டே: மனைவி, வைப்பாட்டி. தன் ஆங்கிலிக்கன் சபை நடத்திய திருமணம் மட்டுமே அவர் கணக்கில் திருமணம். கத்தோலிக்க முறைப்படி கைப்பிடித்து, பிள்ளை பெற்று, பத்தாண்டு ஒரே ஆளுடன் வாழ்ந்தவளும் வைப்பாட்டிதான். 'கைதிப் பெண்கள் எல்லாம் ஒழுக்கம் கெட்டவர்கள்' என்று லண்டன் நெடுங்காலம் நம்பியதில் இந்தப் பட்டியலுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வராமல் இல்லை.

டாஸ்மேனியாவில் நிலைமை இன்னும் கொடியது. ஹோபார்ட் நகரின் கேஸ்கேட்ஸ் தொழிற்கூடம் 1828-ல் தொடங்கியது. முன்பு சாராயம் காய்ச்சிய கட்டடம், மலையடிவாரப் பள்ளத்தில், வெயில் சரியாக விழாத ஈரமான இடம். வேலை வீட்டில் கர்ப்பமானவளை இங்கே அனுப்புவார்கள். தகப்பன் அந்த வீட்டு எசமானராகவே இருந்தாலும் தண்டனை அவளுக்குத்தான். குழந்தை பால் மறந்ததும் தாயைப் பிரித்துக் குற்றவாளி வகுப்பில் போடுவார்கள். குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். பிழைத்தவை அநாதை இல்லத்துக்குப் போயின, தாய் உயிரோடு இருக்கும்போதே. 2010 முதல் இந்த இடம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்று.

[திரையில்: சிட்னி, 1808]

சரி, பெயர் பெற்ற பெண்கள் எப்படிப் பெற்றார்கள்? அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் மணமான பெண்ணின் சொத்து கணவனுடையது. ஆகவே கணவன் சாகவேண்டும், அல்லது ஊரில் இல்லாமல் இருக்கவேண்டும். மேரி ரீபியின் கணவர் 1811-ல் இறந்தார். ஏழு பிள்ளைகளோடு கப்பல்களும் கிடங்கும் அவர் கைக்கு வந்தன. சிட்னி இருந்த காலனியின் பெயர் நியூ சவுத் வேல்ஸ். 1817-ல் நியூ சவுத் வேல்ஸ் வங்கி தொடங்கியதே அவருடைய வீட்டில்தான்.

1808-ல் ராணுவத்தினர் காலனியின் ஆளுநர் பிளையைக் கவிழ்த்தார்கள். படையை நடத்திய ஜார்ஜ் ஜான்ஸ்டனும், பின்னாலிருந்து தூண்டிய ஜான் மெக்கார்தரும் அதன் விளைவாக ஆண்டுக்கணக்கில் இங்கிலாந்தில் இருக்க நேர்ந்தது. இங்கே பண்ணை யார் கையில்? மெக்கார்தரின் மெரினோ ஆடுகளை அவர் மனைவி எலிசபெத் பார்த்துக்கொண்டார். 1790-ல் சுதந்திரப் பெண்ணாக வந்த, படித்த, அதிகாரி மனைவி. ஜான்ஸ்டனின் அனண்டேல் பண்ணையைக் கவனித்தது, லேஸ் திருடிய நம் எஸ்தர்! ஜான்ஸ்டனோடு பிள்ளைகள் பெற்று வாழ்ந்திருந்தும், 1814-ல்தான் அவருக்கு முறையான திருமணம் நடந்தது. ஜான்ஸ்டன் இறந்ததும் பண்ணை எஸ்தரிடம் வந்தது. 1829-ல் சொந்த மகன் ராபர்ட் வழக்குப் போட்டு, தாய்க்குப் புத்தி சரியில்லை என்று தீர்ப்பு வாங்கினார்.

அந்தப் பண்ணைகள் எவருடைய நிலம் என்பதையும் சொல்லியாகவேண்டும். பரமட்டா என்ற பெயரே அந்த மண்ணின் பூர்வகுடிகளான தாருக் மக்களின் புரமட்டகல் கூட்டத்தாரிடமிருந்து வந்தது. குடியேறிய பெண்கள் பட்ட துன்பம் மெய், அவர்கள் குடியேறியது பிறர் மண்ணில் என்பதும் மெய்.

1840-ல் நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகள் வருவது நின்றது. அதற்குள் வேலை தேடும் ஏழைப் பெண்கள் சுதந்திரக் குடியேறிகளாகக் கப்பல் கப்பலாக வந்து, சிட்னி தெருக்களில் தங்க இடமின்றி நின்றார்கள். அவர்களுக்காக 1841-ல் ஒரு விடுதி திறந்தவர் கரோலின் சிஷோம். இவர் வந்தது நம் சென்னையிலிருந்து. கணவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படை அதிகாரி. அங்கே படைவீரர்களின் மகள்களுக்காக ஒரு பள்ளி நடத்திய அனுபவம் கரோலினுக்கு இருந்தது. பெண்களை வண்டிகளில் ஏற்றி, தாமே குதிரையில் கூட வந்து, உள்நாட்டுப் பண்ணைகளில் வேலைக்குச் சேர்த்தார். ஒவ்வொரு வேலைக்கும் கூலி எவ்வளவு என்று எழுத்தில் ஒப்பந்தம், மூன்று பிரதிகள். ஒன்று எசமானருக்கு, ஒன்று அந்தப் பெண்ணுக்கு. மூன்றாவதை கரோலின் தம்மிடமே வைத்துக்கொண்டார், தகராறு வந்தால் எடுத்துக் காட்ட.