தலைவலிக்குத் தைலம் தேய்க்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். மாசமாக இருக்கும்போது ஏறும் பிரஷர், அதாவது ரத்த அழுத்தம் பற்றி இன்று பேசுவோம். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல் ஒரே வாரத்தில் கையைப் பிடிக்கிறதா? மோதிரம் கழல மறுக்கிறதா? வேலூர் கத்திரி வெயிலில் மாசமாக இருப்பவர்களுக்குச் சாயங்காலம் கால் வீங்குவது சகஜம். படுத்து எழுந்தால் வடியும். விடிந்த பிறகும் முகமும் விரல்களும் உப்பியிருந்தால் அன்றைக்கே பிரஷர் பாருங்கள். வீக்கமே இல்லாமலும் பிரஷர் ஏறும், அதனால் மாதாமாதம் பார்த்தே ஆகவேண்டும்.

பார்ப்பதிலும் முறை இருக்கிறது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கயிறு கட்டியதுபோல் கையை நெரிக்கும். தளர்வான ரவிக்கையில் போங்கள். பருத்த கைக்கு பிரஷர் கருவியின் சின்னப் பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும்.

கர்ப்பம் 20 வாரம் தாண்டிய பின் பிரஷரின் மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90, இரண்டில் ஒன்றை எட்டினாலும் 4 மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள், சிறுநீரில் புரதமும் சோதிப்பார்கள். மேல் அளவு 160 அல்லது கீழ் அளவு 110 என்றால் வீட்டுக்குத் திரும்பவே கூடாது. விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால், சிறுநீரில் புரதம் இல்லாவிட்டாலும் ஆபத்துதான். அதைப் பித்தம், வாய்வு என்று தள்ளாதீர்கள்.

ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற இந்தக் கர்ப்பகால பிரஷர் நோய், நஞ்சுக்கொடிக்குப் போதிய ரத்தம் போகாததில் தொடங்குகிறது. உப்பில்லாக் கஞ்சியால் தீராது. மாமியாரின் பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது அதைவிடக் கேடு: எனலாபிரில், லோசார்டன் போன்றவை வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இந்த நோய் முற்றி வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெக்னீசியம் சல்பேட் ஊசி, இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் போடுவார்கள். வலிக்கும்; ஆனாலும் மறுக்காதீர்கள், வழியில் மறுபடி வலிப்பு வராமல் காப்பது அதுதான்.

பிள்ளை பிறந்த 3 முதல் 6 நாளுக்குள் பிரஷர் மறுபடி ஏறும். தாய்வீட்டில் ஓய்வெடுக்கும் அந்த வாரத்தில்தான் பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். கிராம சுகாதார செவிலியர் வரும்போது பிரஷரும் பார்க்கச் சொல்லுங்கள். நிஃபெடிபின், லேபெட்டலால் ஆகிய பிரஷர் மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டே தாராளமாகப் பால் கொடுக்கலாம்.