கிணறு சவரானால் யாருக்கு வளர்ச்சி?

நடுவர் ஐயா அவர்களுக்கும், முன்வரிசையில் விசிறியோடு இருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

வறுமை தீர முதலில் வேண்டியது பொருளாதார வளர்ச்சியா, காலநிலைக் காப்பா என்பது கேள்வி. "முதலில் வயிறு, பிறகுதான் வானம்" என்றார் எதிரணித் தலைவர். நானும் கை தட்டினேன், வசனம் அப்படி. ஆனால் யாழ்ப்பாணத்தில் வயிற்றை நிரப்புவதே வானம்தானே ஐயா!

குடாநாட்டில் ஆறு என்று சொல்ல மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறுதான் உண்டு. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைத் தண்ணீர். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. நம் நிலத்தடியும் ஏறக்குறைய அப்படித்தான். அளவுக்கு மீறி இறைத்தால் அடியில் கிடக்கும் சவர், அதாவது உப்புத் தண்ணீர், மேலே ஏறும். கடல்மட்டம் உயர்ந்தால் பக்கத்தாலும் வரும்.

உரும்பிராயில் என் மாமி சங்கிலியை அடகு வைத்துக் காலபோகத்துக்கு, அதாவது மாரிப் பருவத்துக்கு, வெங்காயம் நட்டார். கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. வெள்ளம் வடிந்தபின் ஒரு வெங்காயத் தாளைப் பிடித்து இழுத்தார். தாள் கையோடு வந்தது. வெங்காயம் மண்ணுக்குள் கூழாகக் கிடந்தது. காசுள்ளவருக்கு மழை பிழைத்தால் நட்டம், மாமிக்கு வட்டி.

சுன்னாகத்தை மறந்துவிட்டோமா? மின்சாரம் வளர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கிருந்த மின் நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளுக்குள் இறங்கியது. 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வசதியானவர் தண்ணீரை வாங்கிக் குடிக்கலாம். இல்லாதவர் வாளியோடு தண்ணீர் லொறியான பவுசருக்குக் காத்து நின்றார்.

சரி, 2021 பசளைத் தடையை எதிரணி எடுக்கும் என்று தெரியும். எடுக்கட்டும். ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தி விவசாயியைத் தெருவில் விட்டது மடத்தனம்தான். அதை எங்கள் அணியின் கணக்கில் எழுதாதீர்கள். மாற்றுவழியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பழையதை வாங்க வேண்டும்.

அதற்கு உதாரணம் நம் தீவுகளிலேயே வருகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரிய ஒளி, காற்று, மின்கலம், துணைக்கு டீசல் என்று கலப்பு மின் திட்டம், இந்தியாவின் 1.1 கோடி டொலர் நன்கொடை. 2024 மார்ச்சில் ஒப்பந்தம். காற்றுக்கு அங்கே பஞ்சமில்லை, நெடுந்தீவுக்குப் படகேறியவர்களுக்குத் தெரியும்! டீசலைக் குறைத்தாலும் ஐஸ் பெட்டி குளிரும், மீன் விலை போகும். இதுவும் வளர்ச்சிதானே?

மணி அடித்துவிட்டார்கள். எதிரணித் தலைவர் எழுந்ததும் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: மாமியின் கிணறும் நாளை சவரானால், அடகில் கிடக்கும் சங்கிலியை உங்கள் வளர்ச்சி வீதத்தில் எத்தனை சதவீதம் மீட்டுத் தரும்?