மூத்தம்மா இலக்கம் போடுவா

நடுவர் ஐயா, சபையோரே, வணக்கம். 'உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கும் முறையை அந்தந்த நகரமே தெரிவு செய்யலாமா?' செய்யலாம் என்கிறது எங்கள் அணி. ஒற்றைப் புள்ளடிக்குப் பதிலாக, வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் இலக்கம் போடும் தரவரிசை முறையையும் ஒரு நகரம் எடுக்கலாம் என்கிறோம்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "புள்ளடி போடவே கை நடுங்குற மூத்தம்மா 1, 2, 3 எண்டு போடுவாவா?" சபையும் சிரித்தது. அந்த மூத்தம்மாவுக்காகத்தான் வந்திருக்கிறேன்.

ஐயா, இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல் சீட்டில் 1, 2, 3 என்று விருப்பிடும் உரிமை அவவுக்கு 1982 இலிருந்தே இருக்கு. 2011 வரை நடந்த உள்ளூராட்சித் தேர்தல்களில் கட்சிக்கு ஒரு புள்ளடி, வேட்பாளர் இலக்கங்களில் மூன்று விருப்பு வாக்கு என்று போட்டவ அவதான். 2018 இல்தான் சட்டம் அவ கையில் ஒற்றைப் புள்ளடியை மட்டும் மிச்சம் வைத்தது.

2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலை நினைத்துப் பாருங்க. முதலாமவருக்கு 42.31 வீதம், இரண்டாமவருக்கு 32.76. ஐம்பதைத் தாண்ட ஆளில்லை! நாட்டிலேயே முதற்தடவையாக இரண்டாம் எண்ணிக்கை. அந்த இருவரைத் தவிர எல்லோரும் வெளியே. அவர்களுடைய சீட்டுகள் மறுபடி மேசைக்கு. எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்து வேட்பாளர் அரியநேத்திரன் அவர்களுக்கு விழுந்த 226,343 சீட்டும் அதில் இருந்தன. அவருக்கு 1 போட்டு, முன்னணியில் நின்ற ஒருவருக்கு 2 போட்டிருந்தால் அந்தச் சீட்டு இரண்டாம் தடவையும் பேசியது. வெளியேறிய எல்லோருடைய சீட்டுகளிலும் இருந்து முதலாமவருக்கு 105,264 கூடியது, இரண்டாமவருக்கு 167,867.

"முப்பத்துமூன்று இலட்சம் சீட்டில் இவ்வளவுதானா?" என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். மேடைக்கு மேடை 'எங்கட சின்னத்துக்கு ஒரு புள்ளடி' என்று பழக்கியது யார்? மூத்தம்மாவா?

வட்டாரத்தில் இதை எப்படிச் செய்வது? மூன்று வேட்பாளருக்கு ஆயிரம் வாக்கு என்று வையுங்கள்: 380, 340, 280. இன்று 380 வென்றுவிடும். 620 பேர் அவரை வேண்டாமென்றாலும் வெல்லும். தரவரிசை முறையில் பாதியைத் தாண்ட ஆளில்லாததால் கடைசியில் நிற்கும் 280 காரர் நீங்குவார். அவருடைய சீட்டுகளில் 190 இரண்டாமவருக்கு, 60 முதலாமவருக்கு, 30 இல் அடுத்த விருப்பே இல்லை. இப்போது 530 க்கு 440. எங்கே பிழைக்கும்? இருவருக்கு 1 போட்டால் சீட்டுச் செல்லாது. வட்டாரத்துப் பெட்டி எல்லாம் ஒரே மண்டபத்துக்கு வருமுன் ஆளை நீக்கினால் முடிவே மாறிவிடலாம். இரண்டுக்கும் மருந்து பயிற்சிதான்.

நகரம் தானே தெரிவு செய்வது நடக்கிற காரியமா? நியூசிலாந்தின் 2001 ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைச் சபைக்கே கொடுத்தது. வாக்காளரில் ஐந்து வீதத்தினர் கையெழுத்திட்டால் சபை சனத்திடம் வாக்கெடுக்கத்தான் வேண்டும். அந்நாட்டின் வெலிங்டன் நகரம் 2004 இலிருந்து இலக்கம் போடுகிறது.

ஐயா, மணி அடிக்குது, தெரியும். ஒரு நிமிசம் தாங்க. நாங்கள் தமிழும் முஸ்லிமும் வேலிக்கு வேலி இருக்கிற மண். கல்முனையிலும் ஏறாவூரிலும் வேட்பாளர் தன் தெருவோடு திரும்பிவிடுகிறார். அடுத்த தெரு வாக்குத் தனக்கு விழாது என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அந்தத் தெருவில் மழைவெள்ளம் வடியாமல் நின்றாலும் அவர் போய்ப் பார்த்ததில்லை. இரண்டாம் விருப்பு வந்தால் அவர் போகத்தான் வேணும். மூத்தம்மாவின் படலையில் நின்று, "உம்மா, உங்கட ஆளுக்கே 1 போடுங்க, எனக்கு 2 தாங்க" என்று கேட்கத்தான் வேணும். அவ பதிலுக்கு, "முதல்ல இந்தக் கானைத் துப்புரவாக்கித் தா மகன்" என்று சொல்லுவா. அந்தச் சொல்லை அவர் கேட்க வேணும் ஐயா!